திருமுழுக்குச் சான்றிதழை மறுபடியும் ஏன் கேட்கிறார்கள்? கோயில் கல்யாணத்துக்கு முன் நடப்பவை பற்றி ஒரு விரிவான பதில்

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இப்படி வரும். மே மாதக் கடைசியில் உங்கள் பங்குக் கோயிலில் (நீங்கள் சேர்ந்திருக்கும் கத்தோலிக்கக் கோயிலில்) கல்யாணம். இன்னும் பதினொரு வாரம் இருக்கிறது, மண்டபத்துக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. நீங்கள் வளர்ந்தது தூத்துக்குடியில், ஞானஸ்நானம் (திருமுழுக்கு) மட்டும் அம்மாவின் ஊரில், குமரி மாவட்டத்தில். மாப்பிள்ளைக்கு நாகர்கோவில் பக்கம்; நான்கு வருடமாகத் துபாயில் வேலை, மூன்று வாரம்தான் விடுமுறை. பள்ளியில் சேர்க்கும்போது வாங்கி லேமினேட் செய்து வைத்திருந்த திருமுழுக்குச் சான்றிதழைக் கொண்டுபோனால், பங்குத்தந்தை அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆறு மாதத்துக்குள் எடுத்த புதுச் சான்றிதழ் வேண்டும் என்கிறார். அதன் மேல் ஓலை (கல்யாண அறிவிப்பைக் கோயிலில் வாசிப்பது), தயாரிப்பு வகுப்பு, தனித்தனி விசாரணை, துபாயிலிருந்து ஒரு கடிதம். போதாக்குறைக்கு உங்கள் ஆச்சியும் மாப்பிள்ளையின் தாத்தாவும் உடன்பிறந்தவர்கள் என்பதால் ஆயர் (பிஷப்) அனுமதி இல்லாமல் நடக்காது என்று ஆச்சியே சொல்கிறார். என்னென்ன காகிதம் வேண்டும் என்ற பட்டியல் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் உண்மையில் கேட்பது, இரண்டு பேரும் பிறவிக் கத்தோலிக்கர், ஊருக்கே தெரிந்த குடும்பங்கள், அப்படியிருந்தும் ஏன் எங்களைச் சந்தேகப்படுகிறார்கள் என்பதுதான். அப்புறம், இந்தப் பதினொரு வாரம் போதுமா என்பது.

போதும். ஆனால் இந்த வாரமே தொடங்க வேண்டும். பங்கு அலுவலகத்தில் பதிவேடுகளோடும் திருமண விண்ணப்பங்களோடும் பல ஆண்டுகள் இருந்தவன் நான். தயாரிப்பு வகுப்புகளில் என் மனைவியும் நானும் பேசியும் வருகிறோம். திருச்சபைச் சட்டத்தை முறையாகப் படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை. அதனால் நான் சொல்வதில் எது உலகம் முழுக்கப் பொதுவான சட்டம், எது உங்கள் மறைமாவட்டத்தின் (ஒரு ஆயரின் கீழ் வரும் பகுதியின்) ஒழுங்கு, எது வெறும் பங்கு வழக்கம் என்று முடிந்த வரை பிரித்தே சொல்கிறேன். சட்டம் இடத்துக்கு இடம் மாறாது. மற்ற இரண்டும் ஊருக்கு ஊர் மாறும், அவற்றில் உங்கள் பங்குத்தந்தை சொல்வதுதான் முடிவு.

முதலில் அந்தச் சான்றிதழ். ஞானஸ்நானம் ஒரே ஒரு முறை நடப்பது, அந்தத் தேதி மாறப்போவதில்லை, பிறகு எதற்குப் புதுசு என்றுதானே தோன்றுகிறது? திருமுழுக்குப் பதிவேட்டை ஒரு முறையாவது திறந்து பார்த்தவர்களுக்கு இது விளங்கிவிடும். பெரிய தடிமனான புத்தகம். வரிசை எண், பிறந்த தேதி, திருமுழுக்குத் தேதி, பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், ஞானப் பெற்றோர், கொடுத்த குருவின் கையெழுத்து என்று கட்டங்கள் போகும். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் அன்று அது காலியாக இருக்கும். பிற்பாடு உறுதிப்பூசுதல் (விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கு) பெற்றால் அங்கே ஏறும். குருவானால், துறவறத்தில் நித்திய வார்த்தைப்பாடு கொடுத்தால், கல்யாணம் ஆனால், அந்தக் கல்யாணம் செல்லாது என்று திருச்சபை நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னால், எல்லாம் அங்கேதான் ஏறும். திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535-ஆம் விதி இதைக் கேட்கிறது. ஒருவர் எந்த ஊரில் கல்யாணம் செய்தாலும், நடத்தி வைத்த பங்குத்தந்தை அந்தத் தகவலை ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அனுப்ப வேண்டும் என்கிறது 1122-ஆம் விதி. ஆக, நீங்கள் திருமணம் ஆகாதவர் என்பதற்குத் திருச்சபையிடம் இருக்கும் சாட்சி அந்தக் காலிக் கட்டம்தான். உங்களிடம் இருக்கும் லேமினேட் காகிதம் நீங்கள் ஐந்து வயதில் கல்யாணம் ஆகாதவர் என்பதை மட்டுமே சொல்லும். புதுச் சான்றிதழ் கேட்பது அந்தக் கட்டத்தை இன்றைக்கு ஒருவர் திறந்து பார்த்துச் சொல்லட்டும் என்பதற்காக. 'ஆறு மாதம்' என்ற எண் சட்டத் தொகுப்பில் இல்லை. அது மறைமாவட்ட ஒழுங்கு. ஆனால் பெரும்பாலான இடங்களில் அதுதான் நடைமுறை, அதில் விலக்குக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவதும், பிள்ளைக்கு அந்த ஊர்க் கோயிலிலேயே ஞானஸ்நானம் கொடுப்பதும் நம் பக்கம் சகஜம். அதனால் உங்களைப் போல எத்தனையோ பேருக்குப் பதிவு ஒரு ஊரிலும் பங்கு இன்னொரு ஊரிலும் இருக்கிறது. அம்மாவின் ஊருக்கு இன்றைக்கே பேசுங்கள். பிறந்த தேதி, பெற்றோர் பெயர், ஞானப் பெற்றோர் பெயர், தோராயமான திருமுழுக்குத் தேதி ஆகியவற்றைக் கொடுத்தால் உபதேசியாரோ அலுவலகத்தில் இருப்பவரோ தேடி எடுத்துவிடுவார்கள். ஒரு முக்கியமான விஷயம், இது தவக்காலம். புனித வாரத்தில் எந்தப் பங்கிலும் பதிவேட்டைத் திறக்கக்கூட ஆள் கிடைக்காது. குருத்து ஞாயிறுக்கு முன் சான்றிதழ் கையில் இருந்தால் நல்லது. பழைய பதிவேடு கரையான் அரித்தோ மழையில் நனைந்தோ போயிருந்தால் அதற்கும் வழி இருக்கிறது: பாரபட்சமில்லாத ஒரு சாட்சி, உதாரணமாக உங்கள் ஞானத்தாய், உறுதி கூறினால் போதும் என்று 876-ஆம் விதி சொல்கிறது.

திருமுழுக்குப் பதிவேட்டில் உங்களுக்கு ஆச்சியின் பெயர் ஏறியிருக்கிறது, ஆதாரில் வேறு பெயர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் தள்ளியும் போடாதீர்கள். பதிவேட்டில் ஏறிய பெயரை நாம் கேட்டபடி அடித்துத் திருத்த மாட்டார்கள், அது சரிதான். இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்று பங்குத்தந்தை கடிதம் கொடுப்பது ஒரு வழக்கம். சில மறைமாவட்டங்களில் ஆயர் இல்லம் வரை போக வேண்டியிருக்கும். எப்படியானாலும் திருமணப் பதிவேட்டில் உங்கள் ஆதார்ப் பெயர், பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளோடு அப்படியே ஏற வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கல்யாணத்தன்று கையெழுத்துப் போடும் மேசையில் இதைச் சொன்னால் யாருக்கும் காதில் விழாது.

துபாய்க் கடிதமும் இதே காரணத்தால்தான் வருகிறது. மாப்பிள்ளையின் சொந்தப் பங்கு அவரைப் பிறந்ததிலிருந்து அறியும். கடந்த நான்கு வருடத்துக்கு யார் பொறுப்புச் சொல்வது? அவர் அங்கே பூசைக்குப் போகும் பங்குதான். அவர் தம்முடைய விசாரணையை அங்குள்ள பங்குத்தந்தையிடமே முடிக்கலாம். அப்படி இன்னொருவர் விசாரித்தால் அதன் முடிவை எழுத்தில் உங்கள் பங்குத்தந்தைக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டமே இடம் வைத்திருக்கிறது. திருமணத் தயாரிப்பு வகுப்பும் வளைகுடாக் கோயில்களில் நடக்கிறது. ஆனால் அவர் பெயர் கொடுப்பதற்கு முன், அந்தச் சான்றிதழை ஏற்பீர்களா என்று உங்கள் பங்குத்தந்தையிடம் கேட்டு 'சரி' வாங்கிவிடுங்கள். ஏற்காத இடமும் உண்டு.

ஓலைக்கு மாப்பிள்ளை ஊரில் இருக்க வேண்டியதில்லை. மூன்று ஞாயிறு, இரண்டு பங்கிலும் வாசிக்க வேண்டும். அறிவிப்பை எப்படிச் செய்வது என்பதை அந்தந்த நாட்டு ஆயர் பேரவை முடிவு செய்யட்டும் என்று இன்றைய சட்டம் விட்டுவிட்டது. நம் பங்குகளில் மூன்று வாரம் என்பதுதான் நிலைத்திருக்கிறது. தவிர்க்க முடியாத அவசரம் என்றால் ஒன்றிரண்டு ஓலையை விட்டுக்கொடுக்க ஆயர் இல்லத்துக்கு அதிகாரம் உண்டு, உங்களுக்கு அது தேவைப்படாது. இந்த வழக்கம் 1215-இல் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கத்தில் (திருச்சபையின் ஆயர்கள் கூடிய பெரிய சபையில்) திருச்சபை முழுவதற்கும் சட்டமானது. 1563-இல் திரெந்து பொதுச்சங்கம் அதை மூன்று முறை என்று உறுதிசெய்தது; பங்குத்தந்தையும் சாட்சிகளும் இல்லாமல் நடக்கும் கல்யாணம் செல்லாது என்றும் சொன்னது. அன்றைக்கு ஐரோப்பாவில் ரகசியமாக ஒருத்தியை மணந்துவிட்டு, பிறகு ஊரறிய இன்னொருத்தியை மணந்தவர்கள் இருந்தார்கள். கைவிடப்பட்ட பெண்ணுக்குச் சொல்ல ஒரு சாட்சி இருக்காது. ஓலை வாசிப்பது அப்படிப்பட்ட பெண்களைக் காப்பாற்ற வந்த ஏற்பாடு. இன்றைக்கும், வெளிநாட்டில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருப்பதை ஓலை கேட்ட யாரோ ஒருவர் வந்து சொல்லி நின்றுபோன கல்யாணங்கள் உண்டு. தடை இருப்பது தெரிந்தால் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறீர்கள் என்று கோயிலில் வாசிக்கிறார்களே, அது வெறும் மரபுச் சொல் இல்லை, 1069-ஆம் விதி.

ஆச்சி சொன்னதற்கு வருகிறேன், ஏனென்றால் அவர் சும்மா சொல்லவில்லை. 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின்படி, பொது மூதாதையரிலிருந்து தலைமுறையை ஒரு பக்கம் மட்டும் எண்ணுவார்கள்; மூன்றாம் தலைமுறை வரை தடை. உங்களிலிருந்து அம்மா, ஆச்சி, ஆச்சியைப் பெற்றவர்கள் என்று மூன்று. அந்தப் பக்கமும் மூன்று. ஆகவே ஆச்சிக்குக் கல்யாணமான காலத்தில் உங்களைப் போன்ற ஒரு ஜோடிக்கு ஆயரின் விதிவிலக்கு கட்டாயம் தேவைப்பட்டது. 1983 நவம்பர் 27-இல் நடைமுறைக்கு வந்த இன்றைய சட்டத் தொகுப்பு இரண்டு பக்கத்தையும் கூட்டி எண்ணுகிறது, நான்கு வரைதான் தடை. உங்கள் கணக்கு மூன்றும் மூன்றும் ஆறு. தடை இல்லை, அனுமதியும் தேவையில்லை. அத்தை மகன், மாமன் மகள் என்றால் நான்கு, விதிவிலக்கு வேண்டும். நம் வழக்கத்தில் சித்தப்பா மகன் அண்ணன் தம்பி, அத்தை மகன் முறைமாப்பிள்ளை. சட்டத்துக்கு இரண்டும் ஒரே நான்குதான். தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் மூன்று. ஆயருக்கு அதிலும் அதிகாரம் இருந்தாலும், லேசில் கொடுக்க மாட்டார்கள். ஒன்றை மட்டும் சரிபாருங்கள். நம் குடும்பங்களில் சொந்தத்துக்குள்ளேயே திரும்பத் திரும்பக் கொள்வினை கொடுப்பினை நடந்திருக்கும். அப்பா வழியிலும் உங்களுக்கு வேறு ஒரு உறவு இருக்கிறதா, அது இதைவிட நெருக்கமா என்று ஆச்சியிடம் உட்கார்ந்து கேளுங்கள். இருந்தால் பங்குத்தந்தையிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். விதிவிலக்குக் கேட்டு வாங்குவது பெரிய விஷயமில்லை. விதிவிலக்கு இல்லாமல் அந்தத் தடையோடு கல்யாணம் நடந்தால் அது செல்லாது.

இனி, நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன விசாரணை. என்னைக் கேட்டால் மொத்த ஏற்பாட்டிலும் இதுதான் உயிர். உங்களைத் தனியாகவும் அவரைத் தனியாகவும் உட்காரவைத்துக் கேட்பார்கள். பல இடங்களில் விவிலியத்தில் கைவைத்து உறுதி சொல்லச் சொல்வார்கள். வாழ்நாள் முழுக்க என்று ஏற்கிறீர்களா, ஒருவருக்கு ஒருவர் பிரமாணிக்கமாக இருப்பீர்களா, பிள்ளைகளை ஏற்பீர்களா, நிபந்தனை எதுவும் வைத்திருக்கிறீர்களா, முக்கியமான எதையாவது மறைத்திருக்கிறீர்களா, யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா. கேள்விகள் இவ்வளவுதான். பல பெண்கள் எல்லாவற்றுக்கும் வரிசையாக 'ஆமாம் ஃபாதர்', 'இல்லை ஃபாதர்' என்று சொல்லிவிட்டுப் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறார்கள். அம்மா கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்ற நினைப்பு ஒரு காரணம்.

ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் ஒரு சட்டம் நிற்கிறது. வற்புறுத்தியோ பெரும் அச்சத்தாலோ வாங்கிய சம்மதம் சம்மதமே இல்லை, 1103-ஆம் விதி. அடி உதை மட்டும்தான் வற்புறுத்தல் என்று நினைக்காதீர்கள். நீ சம்மதிக்காவிட்டால் நான் உயிரோடு இருக்க மாட்டேன் என்று அப்பா சொல்வதும் அச்சம்தான். அது சட்டம் சொல்லும் அளவுக்குக் கடுமையானதா என்பதைத் திருச்சபை நீதிமன்றம்தான் தீர்மானிக்க முடியும், ஆனால் கல்யாணத்துக்கு முன்பே பேச வேண்டிய விஷயம் அது. இல்வாழ்க்கையைக் கடுமையாகக் குலைக்கக்கூடிய ஒன்றை, சம்மதம் வாங்குவதற்காகவே மறைத்தால் 1098-ஆம் விதி. சிகிச்சையில் இருக்கும் நோய், தலைக்கு மேல் உள்ள கடன், முன்பு நடந்த ஒரு பதிவுத் திருமணம் எல்லாம் இங்கேதான் மேலே வர வேண்டும். பிள்ளை பிறக்காது என்பது மட்டும் தடை ஆகாது. அது தெரிந்திருந்தும் மறைத்தால் பிரச்சினை. எதிர்காலத்தைப் பற்றிய நிபந்தனையோடு கல்யாணம் செய்தால் அதுவும் செல்லாது: 'ஒரு வருடத்துக்குள் என்னைத் துபாய்க்கு அழைத்துப் போனால்தான் இந்தக் கல்யாணம்' என்று உண்மையிலேயே மனதில் வைத்திருந்தால் அது 1102. ஆசைப்படுவது வேறு, நிபந்தனை வைப்பது வேறு.

நீங்கள் மனதார விரும்பித்தான் இந்தக் கல்யாணத்துக்குப் போகிறீர்கள் என்பது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. இருந்தாலும் இதைப் படிக்கும் வேறு ஒரு பெண்ணுக்காகச் சொல்கிறேன். வீட்டில் வாய் திறக்க முடியவில்லை என்றால் அந்த அறையில் திறந்துவிடுங்கள். பெண்ணிடம் தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லிப் பெற்றோரை அனுப்பிவிட்டு, கேட்டதை வெளியே விடாமல் தேதியைத் தள்ளிப்போட உதவிய பங்குத்தந்தையரை நான் பார்த்திருக்கிறேன். எல்லாரும் அப்படி இருப்பார்கள் என்று என்னால் உறுதி கொடுக்க முடியாது. ஆனால் கேட்க வேண்டிய கடமை அவர்களுக்கு இருக்கிறது, சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

மற்றவை சின்ன விஷயங்கள். தயாரிப்பு வகுப்பு மறைமாவட்டத்தைப் பொறுத்து ஒரு நாளோ மூன்று நாளோ நடக்கும், பெரும்பாலும் இருவரும் சேர்ந்து வரச் சொல்வார்கள். உறுதிப்பூசுதல் ஆகியிருக்க வேண்டும், ஆனால் பெரிய சிரமமில்லாமல் பெற முடிந்தால் என்றுதான் சட்டம் சொல்கிறது. அது இல்லாததால் கல்யாணம் செல்லாமல் போகாது. கல்யாணத்துக்கு முன் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்துகொள்ளுங்கள், கோயிலில் கூட்டம் சேர்ந்த பிறகு அதற்கு நேரம் கிடைக்காது.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சில ஊர்களில் கோயில் வரி பாக்கி இருந்தால் கடிதம் கொடுக்க மாட்டோம் என்று ஊர்க் கமிட்டி நிற்கும். பங்கைத் தாங்குவது விசுவாசிகளின் கடமைதான், பாக்கி இருந்தால் கட்டுங்கள். ஆனால் முறையாகத் தயாரித்துக் கேட்பவருக்கு, சட்டத்தில் தடை இல்லாதபோது அருட்சாதனத்தை (இங்கே திருமணத்தை) மறுக்க முடியாது என்பது 843-ஆம் விதி, வறுமையால் யாரும் அதை இழக்கக்கூடாது என்பது 848. வரிக்காகக் கல்யாணத்தை நிறுத்துவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் வழக்கம். வசதியில்லாத குடும்பம் என்றால் அன்பியப் பொறுப்பாளரை (உங்கள் பகுதிக் குடும்பங்களின் பங்குக் குழுவை நடத்துபவரை) அழைத்துக்கொண்டு பங்குத்தந்தையிடம் நேராகப் பேசுங்கள், பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

உங்கள் நிலைமைக்கு வெளியே உள்ளவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மாப்பிள்ளையோ பெண்ணோ சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையினர் என்றால் ஆயரின் அனுமதி வேண்டும்; திருமுழுக்குப் பெறாதவர் என்றால் விதிவிலக்கு வேண்டும், அது இல்லாமல் கல்யாணம் செல்லாது. இரண்டிலும் பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தம்மால் முடிந்ததைச் செய்வதாகக் கத்தோலிக்கர்தான் வாக்குக் கொடுக்கிறார். மற்றவரிடம் வாக்கு வாங்குவதில்லை, அவருக்கு அது தெரிந்திருந்தால் போதும். தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் சீரோ மலபார், சீரோ மலங்கரா என்ற கிழக்கு மரபுத் திருச்சபையினர் என்றால் அவர்களும் கத்தோலிக்கரே, கலப்புத் திருமணம் ஆகாது. ஆனால் திருத்தொண்டர் (குருவுக்கு அடுத்த நிலையில் உள்ளவர்) நடத்தி வைக்க முடியாது, குருதான் வேண்டும். முன்பு கோயிலில் கல்யாணமாகிப் பிரிந்தவர்கள் நீதிமன்ற விவாகரத்தை மட்டும் கொண்டுவந்தால் திருச்சபை ஏற்காது; திருச்சபை நீதிமன்றத் தீர்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு மறுமணம் செய்தால் நாட்டுச் சட்டம் ஏற்காது. இரண்டும் வேண்டும். அதற்கு என்னைப் போன்றவரை அல்ல, மறைமாவட்டத் திருச்சபை நீதிமன்றத்தில் உள்ள குருவைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக அரசுப் பதிவு. கோயிலில் நடக்கும் உங்கள் கல்யாணம் 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படியே செல்லும். ஆனால் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009 வந்த பிறகு, கோயில் பதிவேட்டில் ஏறியிருந்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிய வேண்டும், 90 நாட்களுக்குள். உங்களுக்கு அந்த 90 நாள் கிடையாது, மாப்பிள்ளையின் விடுமுறை முடியும் வரைதான். கல்யாணம் முடிந்த முதல் வேலைநாளிலேயே கோயிலில் திருமணச் சான்றிதழை வாங்கிக்கொண்டு இருவரும் சேர்ந்து போங்கள். எந்தெந்த ஆவணம், எத்தனை சாட்சி என்று முன்கூட்டியே அந்த அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். பிற்பாடு குடும்ப விசாவுக்காகச் சான்றொப்பம் வாங்கப் பெரும்பாலும் அரசுச் சான்றிதழைத்தான் கேட்பார்கள்.